பெரும்பாக்கம் நாட்குறிப்பு: தம்பியை யார் பார்த்துக்கொள்வது?

ஜூன் 10, 2024

கோடை விடுமுறை முடிந்து இன்று பள்ளிகள் திறந்தன. சென்னை நகருக்குள் ஆற்றங்கரைகளில் இருந்தவர்களை மாற்றிக் குடியமர்த்திய, தென்கோடியிலுள்ள பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் எங்கள் அறக்கட்டளை நடத்தும் மாலை வகுப்பில் பாயில் இடமில்லாத அளவுக்குப் பிள்ளைகள். ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பவர்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இத்தனை நாளும் பள்ளியில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டவர்களிடம் இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, பாதிப் பேர் பதில் சொல்லாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 19

அவர்களில் ஒரு சிறுமி பள்ளிக்குத் தாமதமாக வருவதாகவும் சில நாள்கள் வருவதே இல்லை என்றும் வகுப்பாசிரியை சொன்னதால், மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் ஓடவில்லை, ஏழாவது மாடி வரை படியேறினேன். இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள். அம்மாவுக்கு மந்தைவெளியில் வீட்டு வேலை. ஆற்றங்கரையில் குடியிருந்தவரை வேலைக்கு நடந்தே போய்வந்தவர், இங்கே மாற்றப்பட்டபின் விடிவதற்குள் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச்சேர முடிகிறது.

"பஸ்ஸுக்குக் காசு வேணாம்க்கா, அது ஃப்ரீதான். அஞ்சு மணி பஸ்ஸ விட்டா வேலை போயிடும். பையன யாருகிட்ட விடறது?" என்றார்.

பெயின்டிங் வேலைக்குப் போகும் அப்பாவும் ஆறரைக்குள் கிளம்பிவிடுகிறார். அதன் பிறகு அங்கன்வாடி திறக்கும்வரை தம்பி அவள் பொறுப்பு. அவனை அங்கே விட்டுவிட்டு அவள் பள்ளிக்குப் போகும்போது முதல் பாடவேளை முடிந்திருக்கும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. ஆனால் இந்தப் பெண் படிப்பாளா மாட்டாளா என்பதை, அந்த வயதுக் கணக்கில் வராத தம்பியின் காலைப் பொழுதுதான் முடிவு செய்கிறது. மாலையில் நாங்கள் எவ்வளவு நன்றாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது.

ஜூலை 2

இன்று அறங்காவலர் கூட்டம். நோட்டும் பையும் வாங்கித் தர ஒரு நன்கொடையாளர் முன்வந்திருக்கிறார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, பை எல்லாம் அரசே தருகிறது. அதே பணத்தில் வகுப்பறையைக் காலை ஐந்து மணிக்கே திறந்து, குடியிருப்பைச் சேர்ந்த இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். புகைப்படம் எடுத்துக் காட்ட அதில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். மாதக் கடைசியில் பள்ளி வருகைப் பதிவேட்டைக் காட்டலாம் என்று பதில் சொன்னேன். நல்ல மனத்தோடு கொடுப்பவர்களிடம் தேவை எது என்று எடுத்துச் சொல்வதும் எங்கள் வேலைதான். நீண்ட பேச்சுக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.

ஜூலை 15

இன்று காலை தொடங்கினோம். பால், ரவைக் கஞ்சி, இரண்டு தூளி. பெரிய பிள்ளைகளுக்கும் இட்லி உண்டு. தம்பியை விட்டுவிட்டு அந்தச் சிறுமி முதல் மணிக்கு முன்பே பள்ளிக்குப் போய்விட்டதாக ஆசிரியை தொலைபேசியில் சொன்னார். பக்கத்து பிளாக்கில் இருந்து மூன்று தாய்மார்கள் இடம் கேட்டு வந்திருக்கிறார்கள். இன்னும் ஒருவரைப் பணிக்கு எடுக்காமல் அவர்கள் குழந்தைகளைச் சேர்க்க முடியாது. நாளை அறங்காவலர்களிடம் பேச வேண்டும்.