வேர்டில் பக்கத்தைக் கிழிக்க முடியாது

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) அடிக்க வருபவர்கள் கடைசி நேரத்தில் கேட்பது இதைத்தான்: "தம்பி, ஒன்பதாம் பக்கத்தை எடுத்துப்போட்டு, பேரப்பிள்ளையளின்ர அஞ்சலியை முன்னுக்கு விடுங்கோ." கொப்பியென்றால் தாளைக் கிழிக்கலாம். வேர்டில் கிழிக்கத் தாளே இல்லை. உள்ளே இருப்பது ஒரே நீளமான எழுத்தோட்டம். தாளளவு, ஓரம், எழுத்துரு எல்லாவற்றையும் பார்த்து வேர்ட் அதைத் துண்டுபோட்டுக் காட்டுகிறது. ரொறன்ரோவில் லெட்டர் தாளுக்கு அமைத்த கோப்பை இங்கே ஏ4க்கு மாற்றியதும் எல்லாம் இடம்பெயர்வது அதனால்தான்.

எதையும் அழிக்க முன்னம் கொன்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஒளிந்திருக்கும் குறிகள் வெளியே வரும். வெற்றுப் பக்கத்தில் வரிசையாகப் பந்திக் குறிகள் நின்றால், யாரோ என்ரரைத் தட்டித் தட்டி இறங்கியிருக்கிறார்கள். பேஜ் பிரேக் (அடுத்த பக்கத்துக்குத் தள்ளும் குறி) தெரிந்தால் அதன் முன்னால் கர்சரை வைத்து டிலீட். ஒரு எச்சரிக்கை: படங்கள் ஏதாவதொரு பந்தியில் நங்கூரமிட்டிருக்கும். வெறும் பந்திதானே என்று அழித்தால் அம்மம்மாவின் படமும் சேர்ந்து போய்விடும். படத்தைச் சொடுக்கி நங்கூரக் குறி எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பக்கம் அட்டவணையோடு முடிந்தால், அதன் கீழுள்ள பந்திக் குறியை அழிக்கவே முடியாது. அதைத் தெரிவுசெய்து எழுத்தளவை 1 ஆக்கி, வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 1 பொயின்ட் என்றும், முன்பின் இடைவெளியை 0 என்றும் வைத்தால் முன்பக்கத்துக்குள் ஏறிவிடும்.

ஆட்களை அழவைப்பது செக்ஷன் பிரேக், அதாவது கோப்பைத் தனித்தனி அமைப்புள்ள பகுதிகளாகப் பிரிக்கும் குறி. வம்சாவளிப் பக்கத்தைக் கிடையாக வைத்திருப்பீர்கள். அதற்கு முன்னுள்ள பிரேக்கை அழித்தால், மேலே நிமிர்ந்து நின்ற தேவாரப் பக்கங்களும் சேர்ந்து கிடையாகச் சரியும். ஒரு பகுதியின் அமைப்பு அதன் முடிவிலுள்ள பிரேக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. அது போனால் மேற்பகுதி கீழ்ப்பகுதியின் அமைப்பை எடுத்துக்கொள்ளும். உடனே கொன்ட்ரோல் இசட்.

ஒழுங்கு மாற்ற வெட்டி ஒட்டத் தேவையில்லை. ஒவ்வொரு அஞ்சலியின் தலைப்புக்கும் ஹெடிங் 1 என்ற தலைப்புப் பாணியைக் கொடுத்து, வியூ மெனுவில் நாவிகேஷன் பேனை (தலைப்புகளை வரிசையாகக் காட்டும் பக்கப் பட்டை) திறந்து (2010 பதிப்பிலிருந்து உண்டு) தலைப்பைப் பிடித்து இழுத்தால், அடுத்த தலைப்பு வரையுள்ளதெல்லாம் கூடவே நகரும். அதே பேனில் பக்கங்களைச் சின்னதாகக் காட்டும் பகுதி பார்க்க மட்டுந்தான், இழுக்க முடியாது.

ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில் ரைப் செய்த கோப்பென்றால் ஹெடிங் 1 கொடுத்தவுடன் தலைப்பு ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். எழுத்து அழியவில்லை, எழுத்துருதான் மாறியிருக்கிறது. முதலிலேயே ஹெடிங் 1இல் வலச்சொடுக்கி, 'மொடிஃபை'யில் பாமினியைத் தெரிந்துவிடுங்கள். நாவிகேஷன் பேனில் அப்போதும் குப்பையாகத்தான் தெரியும். முதலிரண்டு எழுத்தை வைத்து அடையாளம் பிடிக்க வேண்டியதுதான். யூனிகோட்டில் இந்தத் தலையிடி இல்லை.

பொருளடக்கம் தானாக மாறாது: கொன்ட்ரோல் ஏ, பிறகு எஃப்9. நடுவில் மடித்துத் தைக்கும் புத்தகமென்றால் மொத்தப் பக்கம் 4ஆல் வகுபட வேண்டும். 16இல் ஒன்றை எடுத்தால் 15. ஒரு படத்தையோ திருவாசகத்தையோ போட்டு அந்த இடத்தை நிரப்பிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.