காளிகேசம் மலையேற்றம்: ஒரு கையெழுத்தும் மூன்று பயணங்களும்

கன்னியாகுமரி மாவட்டக் காட்டில், ஆற்றங்கரையில் காளி கோவில் இருக்கும் காளிகேசம் நாகர்கோவில்காரனுக்குப் புதிய இடம் இல்லை. பள்ளி நாட்களில் வேன் பிடித்துப் போய், ஆற்றில் குளித்து, காளியைக் கும்பிட்டு, கட்டுச்சோறு தின்று எத்தனையோ முறை திரும்பியிருக்கிறோம். அந்தத் தைரியத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கோவில் வரைக்கும் போவது வேறு, அதற்கு மேலே காட்டுக்குள் நடப்பது வேறு. இது புரிய எனக்கு மூன்று பயணமும் மூன்று மாதமும் ஆகின.

மதுரையிலிருந்து இரண்டு நண்பர்கள் வருவதாகச் சொன்னார்கள். கூடவே அக்கா மகன், பதினைந்து வயது, "மாமா, நானும் வருவேன்" என்று ஒட்டிக்கொண்டான். கார்த்திகை மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அப்பா செய்ததுபோல் வெள்ளைத்தாளில் "மதிப்பிற்குரிய ஐயா" என்று, கோவிலுக்கு மேலே மலையேற அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர் இன்னும் வேலையில்தான் இருப்பார்.

வாங்கிப் படித்தார். "எத்தனை பேருன்னு போடலியே?" எழுதிக் கொடுத்தேன். "ஆதார் நகல்?" வெளியே வந்தால் ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. அடுத்த கடை பஸ் ஸ்டாப்பையும் தாண்டி. குடையைப் பிடித்துக்கொண்டு போய், நான்கு பேருடைய நகலையும் நனையாமல் சட்டைக்குள் செருகித் திரும்பி வந்தால் அவர் டீ குடிக்கப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வந்தார், நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார், அப்புறம் நிதானமாகச் சொன்னார்: "டிரெக்கிங்கா? அது இப்போ ஆன்லைன்லல்லா. இங்க ஒண்ணும் கிடையாது."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீங்க கேக்கலியே."

இதற்கு என்ன பதில் சொல்வது? மழையில் நனைந்த செருப்போடு வீட்டுக்கு வந்தேன்.

விஷயம் இதுதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே அரசு தனியாக விதிகள் கொண்டுவந்தது. 2024 இறுதியில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஓர் இணையதளம் தொடங்கி, காளிகேசம் உட்பட மாநிலம் முழுக்க 40 பாதைகளைத் திறந்தார்கள். பாதை, தேதி, ஆட்களின் விவரம், பணம் எல்லாம் அதிலேயே. வழிகாட்டியும் அவர்களே தருகிறார்கள். நம் மாவட்டக் காடு பெரும்பாலும் 402 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. யானை நடமாட்டமும் உண்டு. "எங்க ஊரு மலைதானே" என்று ரப்பர் தோட்டத்து வழியே நுழைந்து ஏறினால் வழக்கு விழும்.

தேதி பிடிப்பதுதான் அடுத்த வேலை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்கிற மாவட்டம் இது. டிசம்பர் வரை ஆற்றை நம்ப முடியாது, பிப்ரவரி நடுவில் தீக்காலம் என்று பாதைகளை மூடிவிடுவார்கள். கணக்குப் போட்டால் கையில் நிற்பது ஜனவரியும் பாதி பிப்ரவரியும்தான். அதில் சனி, ஞாயிறு எத்தனை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்த வாரம் நான்கு இடம் கிடைத்தது.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க, பொற்றையடிப் பக்கம் மருந்துவாழ் மலை ஏறினோம். இதற்கு முன்பதிவெல்லாம் வேண்டாம். காலை ஆறு மணிக்கே ஏறத் தொடங்கிவிடுங்கள், எட்டு மணிக்கு மேல் பாறை சுடும். தின்பண்டப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குக்கு அது அழைப்பிதழ். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு உச்சிக்குப் போனால் ஒரு பக்கம் முக்கடல், மறுபக்கம் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள், நடுவில் தென்னையும் வாழையும் குளங்களுமாக ஊர். இறங்கும்போதுதான் முழங்கால் பேசும்.

பொங்கலுக்குப் பிறகு வந்த அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை வழியாக இரண்டு பைக்கில் போய்ச் சேர்ந்தோம். ரப்பர் இலை கொட்டும் காலம், சாலை முழுக்கச் சருகு. சோதனைச்சாவடியில் பைகளைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் பாட்டில்களையும் பிஸ்கட் உறைகளையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். சரி. அடுத்து பெயர் சரிபார்க்கும்போதுதான் இடி விழுந்தது.

"தம்பிக்கு என்ன வயசு?"

"பதினஞ்சு."

"அப்பா அம்மா சம்மதக் கடிதம்?"

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று முன்பதிவு செய்தபோது நானேதான் படித்தேன். அக்காவிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவனும் நான்தான். "நான் தாய்மாமன்தானே, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். தாய்மாமனுக்குக் கல்யாண வீட்டில் இருக்கும் மரியாதை காட்டுக்குள் செல்லாது.

போனில் டவர் இல்லை. பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஓடினேன். தடிக்காரன்கோணம் நெருங்கும்போதுதான் இரண்டு கோடு வந்தது. அக்காவை எழுப்பி, "உடனே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பு" என்றேன். ஐந்து நிமிடத்தில் படம் வந்தது. திறந்தால், மளிகைக் கணக்கு நோட்டின் பக்கம். மேலே 'துவரம்பருப்பு ஒரு கிலோ', அதை அடித்துவிட்டு, கீழே 'சம்மதம்' என்று ஒரே சொல், அதற்குக் கீழே அக்காவின் கையெழுத்து. எதற்குச் சம்மதம், யாருக்குச் சம்மதம், ஒன்றும் இல்லை. திரும்பக் கூப்பிட்டால், "நீதானே அவசரம்னு சொன்ன?" என்று என்மேலேயே பாய்ந்தாள்.

இரண்டாவது கடிதம் ஒழுங்காக வந்தது. ஆனால் நான் திரும்பிப் போவதற்குள் குழு கிளம்பிப் போயிருந்தது. காட்டில் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ள விடமாட்டார்கள், அதில் அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. மதுரைக்காரர்கள் இருவரும் போய்விட்டார்கள். பையன் ஆற்றங்கரைப் பாறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன பணம் போனதுதான், என் மறதிக்கு யாரிடம் போய்க் கேட்பது?

அவனைச் சமாதானப்படுத்த அன்று சாயங்காலம் சங்குத்துறைக்குக் கூட்டிப்போய், சொத்தவிளை நோக்கி மணலில் நடந்தோம். கடற்கரையில் நடக்க யாரும் கடிதம் கேட்பதில்லை. ஆனால் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் அலைப் பக்கம் போகாதீர்கள். மேலே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, அலை மட்டும் திடீரென்று ஏறி வரும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனது அப்படி ஒரு நாளில்தான். நாங்கள் ஈர மணலுக்கு மேலேயே நடந்தோம். ராத்திரி நண்பர்கள் திரும்பி வந்து, கருமந்திக் கூட்டம் பார்த்தோம், மூன்று குட்டி இருந்தது என்று வேண்டுமென்றே விலாவாரியாகச் சொன்னார்கள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டு பேருக்கு மட்டும் மறுபடி முன்பதிவு. இந்த முறை நானே கடிதத்தைத் தட்டச்சு செய்து, அக்கா, அத்தான் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, இருவரின் அடையாள அட்டை நகலோடு மூன்று பிரதி எடுத்தேன். பால் வாங்கக் கடைக்குப் போனாலும் அந்த உறையைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன் என்று அக்கா இன்றும் சிரிக்கிறாள்.

சோதனைச்சாவடி, பெயர் சரிபார்ப்பு, எல்லாம் பத்து நிமிடம். கடிதத்தை நீட்டினேன். ஒன்றை வாங்கிக்கொண்டு, "இது போதும் அண்ணே" என்றார் வழிகாட்டி. காட்டில் பிறந்து வளர்ந்த இளைஞர். எங்களைத் தன் பின்னால் வரிசையாக நடக்கச் சொன்னார். சருகு கனமாகக் கிடந்த இடங்களில் கம்பால் தட்டிக்கொண்டே போனார். வழியில் காய்ந்த யானைச் சாணத்தைக் காலால் உடைத்துப் பார்த்து, "நாலு நாளாச்சு" என்று சொன்னபோதுதான் பையன் பேச்சை நிறுத்தினான். கருமந்தி எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு மலை அணில், வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கிளையில் படுத்திருந்தது.

மழையில்லாத மாதம், அட்டை இருக்காது என்று நினைத்தேன். ஓடையோரம் ஈரத்தில் இருந்தது. பையனின் கணுக்காலில் இரண்டு. இழுத்துப் பிய்க்காதீர்கள், உப்பு பட்டால் தானே விழுந்துவிடும். உப்பு கொண்டுபோயிருந்தேன், பிளாஸ்டிக் ஆகாது என்று காகிதத்தில் பொட்டலமாக. காலுக்கொன்றாக மிச்சமிருந்த இரண்டு சம்மதக் கடிதங்களில் மடித்த பொட்டலங்கள்.