ஐப்பசி ஓதமும் தைச் சுணையும்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில், வாய்க்கால் கரையை ஒட்டியது எங்கள் வீடு. முழங்கைக் குழியிலும் முழங்காலின் பின்புறத்திலும் கழுத்திலும் சிறு வயதிலிருந்தே எனக்குக் கரப்பான் உண்டு. மருத்துவர்கள் எக்சிமா என்றும், குறிப்பாக அடோபிக் டெர்மடைட்டிஸ் என்றும் சொல்வது இதைத்தான். அப்பாயி இருந்தவரை, "கரப்பான் பண்டத்தைத் தொடாதே தம்பி" என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் கம்பையும் என் இலையிலிருந்து விலக்கிக்கொண்டே இருந்தார். பதினைந்து ஆண்டுகள் அந்தப் பத்தியத்தைக் காத்தும் அரிப்பு போகவில்லை. ஆனால் அது ஏறுகிற மாதங்கள் மட்டும் ஏறக்குறைய மாறவே இல்லை என்பதைக் கவனிக்க எனக்கு முப்பது வயதுக்கு மேல் ஆயிற்று.

தினசரிக் காலண்டரின் தாளில், அன்றிரவு அரிப்பு எவ்வளவு என்று பென்சிலால் குறிக்கத் தொடங்கினேன். இரண்டு ஆண்டுத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஐப்பசி, கார்த்திகையில் ஓர் ஏற்றம், மார்கழியின் பிற்பாதியில் சற்று ஓய்வு, தையில் இன்னோர் ஏற்றம், சித்திரையில் வியர்வையால் மூன்றாவது என்று உழவுக் கணக்கைப் போலவே அது வரிசையாக நின்றது. தையில் வருவது மட்டும் வேறு மாதிரி: முகத்திலும் கண்ணிமையிலும்கூடத் தடிக்கும்.

அந்தத் தாள்களைத் தஞ்சாவூரில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நண்டு வளை விழுந்த வரப்பு எப்படித் தண்ணீரை நிறுத்தாதோ, அப்படித்தான் கரப்பான் உள்ளவரின் தோல். உள்ளிருக்கும் ஈரம் கசிந்து போகும், வெளியிலிருக்கும் தூசும் நுண்கிருமியும் உள்ளே புகும். தோலின் மேலடுக்கை இறுக்கிப் பிடிக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள குறைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2006இல் நிறுவப்பட்டது. எல்லா நோயாளிகளுக்கும் அந்தக் குறை இருப்பதில்லை. ஆனால் வரப்பு பழுதுபட்டிருப்பது எல்லோருக்கும் பொது. ஆகவே, ஒவ்வாமைப் பொருளைத் தேடி ஓடுவதற்கு முன் வரப்பை அடைக்க வேண்டும் என்பதே அவர் முதலில் வலியுறுத்தியது. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பது, உடம்பைத் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத களிம்பைப் பூசுவது. எனக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லியே போதுமானதாக இருக்கிறது.

இனி ஐப்பசிக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பழைய சுவர்களில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிவிடும். பீரோவுக்குப் பின்னால் பூசணம் கருக்கும். துணிகள் வீட்டுக்குள் கொடியில் மூன்று நாள் காயும். பூசண வித்துகள் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். எனக்கோ தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் பெரிதாகத் தடித்தது வீட்டுத்தூசிச் சிற்றுண்ணிக்குத்தான். கண்ணுக்குப் புலப்படாத, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் நீளமுள்ள இந்த உயிர் நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்களைத் தின்று தலையணையிலும் மெத்தையிலும் பெருகுகிறது. நீரைக் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் டெல்டாவின் மழைக்காலம் அதற்குக் கொண்டாட்டம். அதன் எச்சத்தில் உள்ள நொதிகள் புரதத்தை அரிக்கக்கூடியவை. ஏற்கெனவே பழுதான வரப்பில் அவை மேலும் துளை போடுகின்றன.

சோதனையில் தடித்த பொருள் எல்லாமே நோயைத் தூண்டுவதாக ஆகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்தச் சோதனை முடிவுத் தாளை மட்டும் நம்பிப் பாலையும் முட்டையையும் குழந்தைகளுக்கு நிறுத்திவிடும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு அப்பாயியின் பத்தியமே நினைவுக்கு வருகிறது. கடுமையான கரப்பான் உள்ள சில சிறு குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை உண்மையிலேயே இருக்கக்கூடும்; அதை மருத்துவர் முன்னிலையில் உறுதிசெய்யாமல் இலையைக் காலியாக்குவது தவறு.

சிற்றுண்ணியைக் குறைக்க நான் செய்தவற்றில் பலன் தந்தது இலவம்பஞ்சு மெத்தையைக் கைவிட்டுக் கோரைப்பாய்க்கு மாறியதுதான். பாயை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் நிறுத்தலாம். அதன் மேல் பருத்தி விரிப்பு இல்லாவிட்டால் கோரையே முழங்கையை உராய்ந்து புண்ணாக்கிவிடும். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை, 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் அண்டாவிலேயே ஊறவைத்துத் துவைக்கிறேன். மொட்டைமாடி வெயிலும் சிற்றுண்ணியைக் கொல்லும், ஆனால் எச்சம் அப்படியே தங்கும்; ஆகவே காயப்போட்டது போதும் என்று இருந்துவிடாமல் துவைக்கவும் வேண்டும். விலை உயர்ந்த மெத்தை உறைகள் சிலருக்கு உதவுகின்றன என்றாலும், அவை மட்டுமே கரப்பானைத் தணித்துவிடும் என்று நான் நம்பவில்லை.

தையின் கதை வேறு. சம்பா அறுவடைக்கு இயந்திரம் இறங்கியதும் ஊர் முழுக்க நெற்சுணை பறக்கும். சுணை என்பது உமியின் மேலுள்ள நுண்ணிய முட்கள். அது தோலைக் குத்துகிற எரிச்சலே தவிர, பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் எரிச்சலுக்குச் சோதனை தேவையில்லை. களத்திலிருந்து வந்ததும் குளித்துச் சட்டையை மாற்றினால் போதும். அகர்பத்திப் புகை, கொசுவர்த்திப் புகை, போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது கொட்டும் தூசு ஆகியவையும் எனக்கு இந்த வகைதான்.

ஆனால் கண்ணிமை தடிப்பதற்குக் காரணம் சுணை அல்ல. முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி 48 மணி நேரம் கழித்தும், மறுபடி 96 மணி நேரத்திலும் பார்க்கும் ஒட்டுச் சோதனையில் பார்த்தீனியம் சிவந்து நின்றது. மழை முடிந்ததும் வாய்க்கால் கரையெங்கும் வெள்ளைப் பூவோடு மண்டும் அதே செடிதான். 1950களில் புணே பக்கம் கவனிக்கப்பட்டு நாடெங்கும் பரவிய இது, காய்ந்து தூளான பிறகும் காற்றில் கலந்து முகத்திலும் கழுத்திலும் படியும். வெறுங்கையால் பிடுங்குவதோ பூத்தபின் எரிப்பதோ கூடாது. பூக்கும் முன், மழைக்குப்பின் மண் இளகியிருக்கையில், கையுறையோடு வேரோடு எடுக்க வேண்டும். என் வீட்டைச் சுற்றிலும் அதற்குக் கூலி கொடுத்து ஆளை வைத்துக்கொள்கிறேன். எடுப்பவருக்கும் கையுறை கொடுக்கிறேன்.

ஏற்றம் கடுமையானால் மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு களிம்பை, அவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பூசுகிறேன். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் கலவைக் களிம்பைப் பல ஆண்டுகள் பூசியதில் என் கழுத்துத் தோல் மெலிந்து, நரம்பு தெரிகிற நிலைக்கு வந்தது. அது என் சொந்த அறியாமை. மூக்கடைப்பு, மூச்சிரைப்பு சேர்ந்து வந்தாலோ புண்ணில் நீர் வடிந்து காய்ச்சல் கண்டாலோ நாள் கடத்தாமல் போய்விடுகிறேன்.

இந்தத் தையில், எங்கள் வீட்டின் வடகிழக்கிலுள்ள திடலில் நெல் கொள்முதல் நிலையம் திறப்பார்கள் என்று பேச்சு. அந்த மாதத்துக் காற்று அங்கிருந்துதான் வீசும். படுக்கையைத் தென்மேற்கு அறைக்கு மாற்றிவிட்டேன். அந்த அறையின் ஓதம்தான் இன்னும் இறங்கவில்லை.