இரண்டாம் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர்

எங்கள் விதிநூல் சிவகாசியிலிருந்து வந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. ஒன்று நீங்கலாக, 500 பிரதிகளின் இரண்டாம் பக்கத்திலும் கையால் ஒட்டிய ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. பகடை உருட்டி, கதாபாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டுக்கு நூல் கொண்டுவர நினைப்பவர்கள் அந்த ஸ்டிக்கரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாங்கள் ஐந்து பேர். விதிகள் என் பொறுப்பு; கற்பனை நாட்டையும் அதன் பாளையங்களையும் எழுதியவர் ஒருவர்; மற்ற மூவர் ஓவியர், பக்க வடிவமைப்பாளர், மெய்ப்புப் பார்த்தவர். எழுத்துப் பணி எட்டு மாதங்களில் முடிந்தது. ஐஎஸ்பிஎன் எண் கட்டணமில்லாமல், அலைச்சல் இல்லாமல் இணையவழியே கிடைத்தது. நாவலாக இருந்திருந்தால் இத்தோடு பாதிக் கிணறு தாண்டியிருப்போம். விதிநூலில் ஓர் எண்ணை மாற்றினால், அது அட்டவணையிலும் எடுத்துக்காட்டிலும் பாத்திரத் தாளிலும் ஓவியத்தின் கீழுள்ள குறிப்பிலும் மாற வேண்டும்; அவை நான்கும் நான்கு பேரிடம் இருந்தன.

முதல் அடி சோதனை ஆட்டத்தில் விழுந்தது. அதுவரை ஆட்டத்தை நானே நடத்தி வந்ததால் எல்லாம் சரியாகவே தெரிந்தது. நூலை மட்டும் கையில் கொடுத்து வேறொருவரை நடத்தச் சொல்லிவிட்டு, வாய் திறக்காமல் ஓரமாக உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் ஒரு வீரன் கிணற்றில் விழுந்தான். விழுந்தால் எவ்வளவு காயம் என்ற விதி நூலில் எங்குமே இல்லை. அத்தனை மாதங்களாக அதை நான் வாயால் சொல்லியே ஓட்டியிருக்கிறேன். எழுதியவர் நடத்தும் ஆட்டத்தைச் சோதனையாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது எழுத்துருச் சிக்கல். நாங்கள் ஒருங்குறியில் (யூனிகோடில்) எழுதித் தந்ததை வடிவமைப்பாளர் தம் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டியிருந்தார். மின்பதிப்புக்காக அதை மறுபடியும் ஒருங்குறிக்குக் கொண்டுவந்தபோது ‘மௌனம்’ என்ற மந்திரம் ‘மெளனம்’ ஆகிவிட்டது. ‘ஔ’காரக் குறியின் பின்பாதி தனி ‘ள’ எழுத்தாகிவிட்டது; கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தேடினால் மட்டும் கிடைக்காது. அந்த மந்திரம் நூலில் இல்லவே இல்லை என்று ஓவியர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

பக்கக் கணக்கு அதைவிடப் படுத்தியது. எங்கள் நூலுக்கு ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி, 16 பக்கம். பக்கம் கட்டி முடித்தபோது 196 பக்கங்கள் வந்தன. பன்னிரண்டு ஃபாரத்துக்கு மேல் நான்கு பக்கம் துருத்திக்கொண்டு நின்றதால், 192-க்குள் அடக்கிவிட்டால் தாளும் பணமும் மிச்சம் என்றார் அச்சகத்துக்காரர். அறுபதாம் பக்கத்தை ஒட்டி நான்கு பக்கங்களை வெட்டினோம். அதற்குப் பிறகு வந்த ‘பக்கம் 148 பார்க்க’ வகைக் குறிப்புகள் அத்தனையும் பொய்யாகிவிட்டன. அவற்றைத் தாமாக மாறும்படி மென்பொருளிலேயே அமைத்திருக்கலாம். நாங்களோ கையால் தட்டச்சு செய்திருந்தோம். இரண்டு இரவுகள் நானும் மெய்ப்புப் பார்த்தவரும் தொலைபேசியில் ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சரிசெய்தோம்.

இந்த அவசரத்தில்தான் பெரிய தவறு நடந்தது. எங்கள் ஆட்டத்தின் அடிப்படை விதிகள் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டின் அடிப்படை விதிகளைத் தொகுத்த எஸ்ஆர்டி 5.1 ஆவணத்திலிருந்து எடுத்தவை. பிறர் அந்த விதிகளைப் பயன்படுத்த வழிவிட்ட பழைய திறந்த உரிமத்தை மாற்றும் திட்டத்துக்கு உலகெங்கும் எதிர்ப்பு எழுந்த பின், 2023 ஜனவரியில் அதன் வெளியீட்டாளர்களான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தார் அந்த ஆவணத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் வெளியிட்டார்கள். காசு கேட்கவில்லை, அனுமதிக் கடிதம் கேட்கவில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்பதை அறிவிக்கும் ஒரு நன்றிப் பத்தி மட்டும் நூலில் இருக்க வேண்டும். அந்த ஆங்கிலப் பத்தியைப் பெயர்ப் பட்டியலின் கீழ் நான்தான் சேர்த்தேன். எதற்காக என்று யாரிடமும் சொல்லவில்லை.

முழுத் தமிழ் நூலில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி கிடப்பதைக் கண்ட மெய்ப்புப் பார்த்தவர், இடம் நிரப்ப வடிவமைப்பாளர் போட்ட மாதிரி வாசகம் என்று எண்ணிச் சிவப்பு மையால் அடித்தார், வடிவமைப்பாளர் நீக்கினார், கடைசி மெய்ப்பில் நான் பக்க எண்களை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மூவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தோம் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

கட்டுகளைப் பிரித்த அன்று, தன் பெயரில் எழுத்துப்பிழை உண்டா என்று பார்த்த ஓவியர்தான் கேட்டார்: “அண்ணா, நம்ம பேருக்குக் கீழ இங்கிலீஷ்ல ஏதோ இருந்துச்சே, அதெங்க?”

அன்றிரவு உரிமத்தை முதல் முறையாகக் கடைசி வரி வரை படித்தேன். நிபந்தனையை மீறினால் உரிமை தானாகவே போய்விடும்; ஆனால் தவறு தெரிந்த 30 நாட்களுக்குள் திருத்திவிட்டால் தானாகவே திரும்பிவிடும் என்றிருந்தது. மறுநாளே பத்தியைச் சிறிய எழுத்தில் அச்சிட்டோம். ஒரு தாளுக்கு 14 ஸ்டிக்கர், மொத்தம் 36 தாள்கள். ஐந்து பேரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒட்டி முடித்தோம். காலி இடத்தில் அது அளவெடுத்ததுபோலப் பொருந்தியது.

ஒரு பிரதி மட்டும் தப்பிவிட்டது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் நான்கு நூலகங்களுக்குப் பிரதி தர வேண்டும். எழும்பூர் கன்னிமாராவுக்குரியதை ஒட்டிய பிறகு நேரில் கொடுத்தேன். மும்பைக்கும் டெல்லிக்கும் உரியவையும் அப்படியே போயின. கொல்கத்தா தேசிய நூலகத்துக்கான பொதியை மட்டும் நண்பர் ஒருவர் ஆர்வத்தில் முதல் நாளே அஞ்சலில் சேர்த்துவிட்டார். திருத்திய பிரதி ஒன்றை விளக்கக் கடிதத்தோடு அங்கே அனுப்பியிருக்கிறேன்.