ஊசி தொடாமல் ஒரு பாவாடை

40 வருடம் தையல் மிஷின் மிதித்தவள் நான். அதனால் 4 வயதுப் பேத்தி ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாதிரி பஃப்புன்னு நிக்கிற பாவாடை வேணும் பாட்டி" என்று கேட்டபோது, இதென்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். பாலே ஆடுகிற பெண்கள் போடும் டூட்டூ அது.

முதலில் என் வழியில்தான் போனேன். நெட் துணியை மூன்றடுக்காக வெட்டி, பெரிய தையல் ஓட்டி, நூலை இழுத்துச் சுருக்கினேன். பாதியில் நூல் அறுந்தது. மறுபடி ஓட்டினால், ஊசி இறங்கும் துளைக்குள் நெட் போய்ச் சிக்கிக்கொண்டது. அடியில் மெல்லிய தாளை வைத்துத் தைத்தால் சிக்காது என்பது தெரியும், அன்றைக்கு அதற்குப் பொறுமை இல்லை. "தைக்கவே வேண்டாம்மா, நெட்டைத் துண்டு துண்டாக வெட்டி எலாஸ்டிக்கில் கட்டினால் போதும்" என்றாள் மகள். எனக்குச் சுருக்கென்றது. கட்டுவதெல்லாம் ஒரு வேலையா?

வேலைதான். சொல்கிறேன்.

பேத்தியின் இடுப்பு 21 அங்குலம். ஒரு அங்குல அகல எலாஸ்டிக்கில் 20 வெட்டி, ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இணைத்தால் வளையம் 19 வரும். இடுப்பளவே வைத்துவிடாதீர்கள், பாவாடையின் கனத்துக்கு இறங்கிவிடும். இணைப்பில் மட்டும் நான்கு தடவை முன்னும் பின்னுமாக மிஷினை ஓட்டினேன். தைக்காமல் எலாஸ்டிக்கை முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். குழந்தை தரையில் மல்லாந்தால் அந்த முடிச்சு முதுகில் உறுத்தாதா?

நெட், 6 அங்குல அகலத்தில் சுருளாகக் கிடைக்கிறது. ஒரு சுருள் 25 கஜம். இடுப்பிலிருந்து 11 அங்குலம் தொங்க வேண்டும் என்றால், துண்டை நடுவில் மடித்துக் கட்டுவதால் நீளம் இரண்டு மடங்கு 22, முடிச்சுக்கு ஒன்று, ஆக 23. ஒவ்வொன்றாக அளந்து வெட்டினால் அன்றைய பொழுது போய்விடும். பதினொன்றரை அங்குல உயரத்துக்கு ஓர் அட்டையை நறுக்கி, அதன்மேல் நெட்டைச் சுற்றிக்கொண்டே போய், கீழ் ஓரத்தில் மட்டும் கத்தரியை ஓட்டினால் எல்லாம் ஒரே அளவில் விழும். சுருளுக்கு 39 துண்டு கிடைத்தது. ஊதாவில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, மொத்தம் 78. நெட் ஓரம் பிரியாது, மடித்து அடிக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

எலாஸ்டிக் வளையத்தை ஒரு முக்காலியின் இரண்டு கால்களில் மாட்டினேன். துண்டை நடுவில் மடித்து, மடிந்த முனையை எலாஸ்டிக்குக்கு அடியில் நுழைத்து, அந்தக் கண்ணிக்குள் இரண்டு வாலையும் விட்டு இழுக்க வேண்டும். அவ்வளவுதான் முடிச்சு.

நான் தவறியது அங்கேதான். தையல்காரியின் கை, எதையும் இறுக்கித்தான் பழக்கம். 20 துண்டு கட்டி முடித்துப் பார்த்தால், பட்டையாக இருந்த எலாஸ்டிக் சுருண்டு கயிறு மாதிரி ஆகியிருந்தது. இழுத்தாலும் விரியவில்லை. அத்தனையையும் அவிழ்த்தேன். முடிச்சு எலாஸ்டிக்கின் மேல் ஓரத்தில் உட்கார்ந்தால் போதும், அதன் கழுத்தை நெரிக்கக் கூடாது. இரண்டாம் முறை, பேத்தி துண்டை எடுத்துத் தர, "ஊதா, வெள்ளை, ஊதா" என்று அவள் சொன்ன வரிசையில் கட்டினேன். 60 போட்டதும் வளையம் நிறைந்துவிட்டது. கட்டியதும் படிந்துதான் கிடக்கும். ஒவ்வொரு துண்டாகக் கையால் உதறிப் பிரித்துவிட்டால்தான் அந்த 'பஃப்' வரும்.

இந்தத் துணிக்கு டூல் என்று பெயர். பிரான்ஸில் டூல் என்றே ஓர் ஊர் இருக்கிறது, அதிலிருந்து வந்த பெயர். 1832-இல் பாரிஸ் மேடையில் மரீ தாக்லியோனி என்ற பாலே நடனக்காரி ஆடியபோது பாவாடை கெண்டைக்கால் வரை மணி மாதிரி தொங்கியது. தட்டுப் போல விறைத்து நிற்கும் குட்டைப் பாவாடை அப்புறம் வந்தது. அதே பாரிஸில் 1862-இல் எம்மா லிவ்ரி என்ற இளம் நடனக்காரியின் பாவாடையில், ஒத்திகையின்போது கேஸ் விளக்கிலிருந்து தீப்பற்றியது. அடுத்த வருடம் இறந்துபோனார். தீப்பிடிக்காதபடி மருந்தில் நனைத்த துணி விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கிறது என்று அவர் மறுத்திருந்தாராம். இன்றைய நெட் நைலானோ பாலியஸ்டரோதான், ஆனால் அதுவும் பற்றும், உருகி ஒட்டும். மெழுகுவர்த்தியோ அடுப்போ இருக்கும் பக்கம் இதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சூடான இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். அழுக்கானால் தண்ணீரில் அலசித் தொங்கவிட்டால் போதும்.

உள்ளே பருத்தி லெகிங்ஸ் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் தொடையெல்லாம் அரிக்கும். மினுமினு தூவிய நெட் வேண்டாம் என்பது என் கட்சி. பாவாடையில் இருப்பதைவிடத் தரையில்தான் அதிகம் இருக்கும்.

போட்டுக்கொண்டு மூன்று நாள் கழற்றவில்லை. தூக்கத்திலும் அதுதான். நான்காம் நாள் இரண்டு துண்டு கழன்று கையோடு வந்தன. மீதி 18 துண்டில் பொம்மைக்கு ஒன்று கட்டிக்கொண்டிருந்த நான், கொடு, மாட்டித் தருகிறேன் என்று கை நீட்டினேன். தரவில்லை. தானே மடித்து, நுழைத்து, வாலை விட்டு இழுத்தாள். அப்புறம் என் மடியிலிருந்த பொம்மைப் பாவாடையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ரொம்ப இறுக்காத பாட்டி."