துவைனம்: ஈராற்றிடையில் பிறந்த ஒரு பெயர்

கடந்த மாதம் என் தங்கையின் மகன் இலண்டனிலிருந்து அழைத்து, பிறந்திருக்கும் பெண்பிள்ளையைப் பதிவு செய்வதற்குக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று கேட்டான். "உங்கட காலத்தில கச்சேரியில இதைத்தானே மாமா செய்தனீங்கள்" என்றும் சேர்த்துக்கொண்டான். முப்பது ஆண்டுகள் அந்த அரசாங்க அலுவலகத்தில் இலிகிதராக இருந்தவன் என்பதால் பெயர்களைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று அவன் நம்புகிறான். உடனே விடை சொல்ல என்னால் முடியவில்லை. அந்தக் கேள்வியே என்னை நீண்ட நாளாக மனதில் கிடந்த இன்னொரு பெயரிடம் கொண்டுபோய் விட்டது.

வன்னியின் நிருவாக வரலாற்றைப் படிக்கும் எவரும் துவைனம் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. வில்லியம் குரொவ்டன் துவைனம் 1827இல் காலியில் பிறந்தவர். 1869 முதல் 1896 வரை வட மாகாணத்தின் அரசாங்க அதிபராக, அதாவது மாகாண நிருவாகத்தின் தலைவராக, யாழ்ப்பாணத்தில் இருந்தார். முல்லைத்தீவும் வவுனியாவும் மன்னாரும் அவருடைய ஆட்சிக்குள் அடங்கியிருந்தன. 1873இல் வடமத்திய மாகாணம் பிரிக்கப்படும்வரை நுவரகலாவியவும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. மன்னார்க் கரையில் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதில் அவருக்கு ஈடாக வேறொருவரைச் சொல்வது கடினம். ஓய்வு பெற்ற பிறகும் இங்கிலாந்துக்குப் போய்விடாமல் யாழ்ப்பாணத்திலேயே தங்கி, 1922இல் மறைந்தார். இவருடைய ஆட்சியைப் பற்றி எழுத வேண்டியது நிறைய உண்டு. இங்கே எனக்கு வேண்டியது அவருடைய பெயர் மட்டுமே. அவர் காலத்தில் இம்மாகாணத்தில் பணிபுரிந்த ஆங்கிலேயர் பலரின் பெயர்கள் இலண்டனில் தெருவுக்குத் தெரு கிடைக்கக்கூடியவை. வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895இல் ஒரு முழுக் கையேட்டையே எழுதிய லூயிஸ் என்பவரின் பெயரும் அத்தகையதே. துவைனம் என்ற பெயரோ ஆங்கிலேயரே எழுத்துக்கூட்டிக் கேட்கும் பெயர்.

இங்கிலாந்தின் தென்கரையில், இன்றைய டோர்செட் மாவட்டத்தில், கிறைஸ்ட்சேர்ச் என்று ஒரு சிறு பட்டினம் இருக்கிறது. 1974 வரை அது ஹம்ப்சயருக்கு உரியதாக இருந்தது. ஏவன், ஸ்ரோர் என்னும் இரண்டு ஆறுகள் அங்கே ஒன்று சேர்ந்து கடலுக்குப் போகின்றன. அவ்விரண்டுக்கும் இடையில் அமைந்த மேட்டு நிலத்தில்தான் பழைய ஊர் எழுந்தது. 899இல் அல்பிரட் மன்னர் இறந்தபோது, தனக்கே அரசுரிமை என்று கிளம்பிய அவருடைய அண்ணன் மகன் முதலில் கைப்பற்றிய இடங்களுள் இதுவும் ஒன்று. அக்காலத்தில் அந்த ஊரின் பெயர்தான் துவைனம். பழைய ஆங்கிலத்தில் 'இடையே' என்பதைக் குறிக்கும் சொல்லும், ஆற்றைக் குறிக்கும் 'ஏஆ' என்ற சொல்லின் பன்மை வடிவமான 'ஏஆம்' என்பதும் சேர்ந்து உண்டான பெயர் அது. 'ஆறுகளுக்கு இடையே' என்பதே அதன் முழுப்பொருள். நம்முடைய ஆறு என்ற சொல்லோடு அந்த 'ஏஆ' ஒலிப்பில் நெருங்குவது தற்செயலானது. ஆயினும் முதன்முறை அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

இந்தப் பெயரின் முடிவெழுத்துகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. பேர்மிங்ஹாம், நொட்டிங்ஹாம் போன்ற எத்தனையோ ஊர்களின் ஈற்றில் வரும் 'ஹாம்' என்பதற்குக் குடியிருப்பு என்று பொருள். துவைனத்தின் ஈற்றில் இருப்பதோ ஆறுகள். காலப்போக்கில் பழைய சொல் மறந்துபோனபோது, இதுவும் மற்ற ஊர்களைப் போன்றதுதான் என்று எண்ணிய எழுத்தர்கள் நடுவில் ஹகர ஒலிக்குரிய எழுத்தைச் செருகிவிட்டார்கள். 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப் பதிவேட்டில் ஈற்றில் அந்த எழுத்து இல்லாமலே ஊரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. நமது அரசாங்க அதிபரின் குடும்பமும் அந்த எழுத்து இல்லாமலே தன் பெயரை எழுதியது. எழுத்து குறைந்த இந்த வடிவத்தைப் பிழை என்று கருதுவோர் இருக்கக்கூடும். ஆனால் மூலச்சொல்லுக்கு நெருக்கமாக நிற்பது அதுதான்.

நான் இரணைமடுக் குளக்கட்டிலிருந்து மூன்று கட்டைத் தொலைவில் வளர்ந்தவன். இரணை என்றால் இரட்டை. எங்கள் பக்கத்தில் இரட்டைப் பிள்ளைகளை இரணைப் பிள்ளைகள் என்றே இன்றும் சொல்வார்கள். இரணைமடு, இரணைப்பாலை, இரணை இலுப்பைக்குளம், இரண்டு தீவுகளாகக் கிடக்கும் இரணைதீவு என்று வன்னி நிலம் எங்கும் அந்தச் சொல் படிந்திருக்கிறது. ஓர் இடத்தில் இரண்டு மடுக்களையோ இரண்டு மரங்களையோ கண்டவர்கள் அந்த எண்ணையே ஊருக்குப் பெயராக விட்டுச் சென்றார்கள். 'இடையே' என்பதற்கான ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் இரண்டு என்ற எண்தான் ஒளிந்திருக்கிறது. இரண்டு ஆறுகளைக் கண்டு பெயரிட்ட அந்தப் பழைய ஆங்கிலேயனும், இரண்டு மடுக்களைக் கண்டு பெயரிட்ட எங்கள் முன்னோனும் நிலத்தைப் பார்த்த விதம் ஒன்றுதான். வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. அங்கே ஊர்ப்பெயர் மனிதர்மேல் ஏறி நின்றுவிட்டது. இங்கே அப்படி நிற்கவில்லை.

எப்படி ஏறியது என்பதை விளக்க நான் இங்கிலாந்துக்குப் போகத் தேவையில்லை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று, தீவுப் பகுதிகளிலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் எங்கள் அயலுக்கு வந்தவர்களை ஊரார் நெடுந்தீவார், புங்குடுதீவார் என்று அழைத்தார்கள். நெடுந்தீவிலேயே இருந்திருந்தால் அவரை யாரும் நெடுந்தீவார் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அங்கே எல்லோரும் நெடுந்தீவார்தானே. ஊர்ப்பெயர் ஒருவரோடு ஒட்டுவது அவர் அந்த ஊரைவிட்டு வெளியேறிய பின்னர்தான். இங்கிலாந்திலும் அப்படித்தான் நடந்தது. துவைனம் என்ற ஊரிலிருந்து ஒருவர் வேறோர் ஊருக்குப் போய்க் குடியேறியபோது, அங்கிருந்தவர்கள் அவரை 'துவைனத்து வில்லியம்' என்றார்கள், வரி வாங்கும் எழுத்தரும் அப்படியே எழுதிக்கொண்டார். எங்கள் அயலில் நெடுந்தீவாரின் மகன் தன் சொந்தப் பெயராலேயே அறியப்பட்டான். பட்டம் தந்தையோடு தேய்ந்துவிட்டது. அங்கே, பதின்மூன்றாம் பதினான்காம் நூற்றாண்டுகளில், மகனும் பேரனும் துவைனத்தைக் கண்ணாலும் காணாமலே துவைனம் ஆனார்கள். ஏறத்தாழ 1400 அளவில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்கு இவ்வாறு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. சசெக்ஸ் மாவட்டத்திலும் இதே பொருளுடைய, சற்று வேறான எழுத்துக்கூட்டுடைய ஒரு சிற்றூர் உண்டு. ஆகவே இந்தப் பெயர் தாங்கும் குடும்பங்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை என்று கொள்ளக்கூடாது.

இதில் என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி ஒன்று உண்டு. 1094 அளவில் அந்த ஊரில் ஒரு பெரிய தேவாலயம் கட்டத் தொடங்கினார்கள். கூரைக்கு வெட்டிய மரவளை ஒன்று நீளம் குறைந்துபோக, தொழிலாளர்கள் மனம் சோர்ந்து வீடு திரும்பினார்களாம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அந்த வளை நீளம் சரியாக இருந்து, உரிய இடத்தில் பொருத்தப்பட்டும் இருந்ததாம். கூலி வாங்காமல், யாரோடும் பேசாமல் அவர்களோடு வேலை செய்துவந்த தச்சரைப் பின்னர் காணவில்லை. அவர் கிறிஸ்துவே என்று ஊர் நம்பியது. அந்தக் கதையோடு ஆலயத்தின் பெயர் ஊரின் பெயராக மாறி, துவைனம் மெல்ல மெல்ல வழக்கொழிந்து கிறைஸ்ட்சேர்ச் ஆனது. ஊர் தன் பெயரை இழந்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் அதைக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். வவுனியாவை வவுனியன் விளாங்குளம் என்று முழுப்பெயரால் அழைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த விளாங்குளத்தை நாம் எங்கோ தவறவிட்டுவிட்டோம்; அதைத் தன் பெயரில் சுமந்து திரிகின்ற குடும்பம் ஒன்றும் நம்மிடம் இல்லை.

இனி, இன்று இந்தப் பெயரோடு எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். சிமித் என்ற பெயருடையவர்கள் பிரித்தானியாவில் ஐந்து இலட்சத்துக்கும் மேல். துவைனம் என்று ஹகரமில்லாமல் எழுதுவோரோ சில நூறு பேரைத் தாண்டமாட்டார்கள். காரணம் விளங்குவதற்கு எளிது. கொல்லன் இல்லாத ஊர் இல்லை. ஆகவே கொல்லன் என்று பொருள்படும் சிமித் ஆயிரம் ஊர்களில் ஆயிரம் முறை தனித்தனியாகப் பிறந்தது. இரண்டு ஆற்றுக்கிடையில் இருந்த ஒரு சிறு பட்டினத்தின் பெயரோ, அங்கிருந்து வெளியேறிய ஒன்றிரண்டு குடும்பங்களோடு மட்டுமே தொடங்கியிருக்கும். தொடக்கம் மெலிந்ததாக இருந்தால் அழிவு அருகிலேயே இருக்கும். மகன்கள் வழியாக மட்டும் கடத்தப்படும் பெயர், ஒரு தலைமுறையில் பெண்பிள்ளைகள் மட்டுமே பிறந்தாலோ, மகன்கள் இளமையில் இறந்தாலோ அங்கேயே அறுந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற குடும்பப் பெயர்கள் மறைந்துபோவதைக் கண்ட பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் இதை ஒரு கணக்காகவே முன்வைத்தார். ஹென்றி வாட்சன் என்ற மதகுரு அதற்கு விடை தேடினார். இருவரும் சேர்ந்து 1874இல் அந்த ஆய்வை வெளிப்படுத்தினார்கள். ஒரு மனிதனிலிருந்து தொடங்கும் பெயர், தலைமுறைக்குச் சராசரியாக ஒரு மகனோ அதிலும் குறைவாகவோ இருந்தால், என்றாவது ஒருநாள் நிச்சயமாக மறைந்துவிடும் என்பது அதன் சாரம். எந்த நிலையிலும் எல்லாப் பெயர்களும் மறைந்தே தீரும் என்று வாட்சன் முடிவு செய்தது தவறு என்பதைப் பின்னர் வந்த கணிதவியலாளர்கள் காட்டினார்கள். சராசரி ஒன்றுக்கு மேலே போனால் பிழைப்பதற்கும் வாய்ப்பு உண்டு. ஆயினும் அந்த வாய்ப்பும் முதல் சில தலைமுறைகளைத் தப்பிக் கடந்தவர்களுக்கே. எறிகணையும் இடப்பெயர்வும் கண்ட இந்த மண்ணில், ஒரு வீட்டின் பெயர் ஒரே நாளில் முடிந்துபோவது எப்படி என்பதைக் கணிதம் இல்லாமலே நாங்கள் அறிவோம். ஆகவே அந்தச் சமன்பாட்டை வெறும் எண்ணாக என்னால் படிக்க முடியவில்லை.

அரிய பெயர்களுக்கு இன்னுமொரு பண்பு இருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த துரி கிங், மார்க் ஜோப்ளிங் ஆகிய இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 40 குடும்பப் பெயர்களைத் தாங்கிய சுமார் 1,700 ஆண்களின் வை நிறமூர்த்தத்தை, அதாவது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே கடத்தப்படும் மரபுக்கூற்றை, ஒப்பிட்டார்கள். சிமித்துகளுக்குள் உறவு ஏதும் தெரியவில்லை. அட்டன்பரோ போன்ற அரிய பெயருடையவர்களுள் பெரும்பான்மையோருக்கு அந்த நிறமூர்த்தம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதாவது பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே தந்தையிடம் அவர்கள் போய்ச் சேர்கிறார்கள். எண்ணிக்கை குறையக் குறைய, பெயர் உறவுக்குச் சாட்சியாகும் வலிமை கூடுகிறது. துவைனம் என்ற பெயரோடு இருவர் எங்காவது சந்தித்தால், அவர்கள் உறவினராக இருப்பதற்கு இடமுண்டு என்று நான் எண்ணுவது இதனால்தான்.

சிலராக இருந்தும் அவர்கள் தொலைதூரம் பரவியிருக்கிறார்கள். அவுஸ்திரேலியாவில் 2,190 மீற்றருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் துவைனம் மலை, நியூ சவுத் வேல்ஸ் நில அளவைத் துறையின் தலைவராக இருந்த எட்வர்ட் துவைனத்தின் நினைவாகப் பெயர் பெற்றது. ஆறுகளுக்கிடையில் தாழ்ந்து கிடந்த ஒரு நிலத்தின் பெயர், உலகத்தின் மறுபக்கத்தில் பனிபடியும் ஒரு சிகரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மனிதன் ஒருவன் இடையில் சுமந்து சென்றிராவிட்டால் அது நடந்திருக்காது.

மருமகனுக்கு இவ்வளவையும் தொலைபேசியில் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். எங்களுக்குத் தந்தையின் பெயர்தான் முன்னால் வரும். ஒரு தலைமுறைக்கு மேல் அது நிற்பதில்லை. அவன் எழுதப்போகும் பெயரோ இனி அந்தப் பிள்ளையோடும் அதற்குப் பின்னாலும் நிற்கும். நிலமும் ஊரும் பெயராக இறுகிய ஆங்கிலேயரின் பதினான்காம் நூற்றாண்டு எங்களுக்கு இப்போதுதான் புலம்பெயர்ந்த நாடுகளின் பதிவு அலுவலகங்களில் நடந்துகொண்டிருக்கிறது என்றேன். இரணைமடு என்று எழுதலாமா என்று அவன் கேட்டான். எனக்கு ஆசைதான், ஆனால் தந்தையை விட்டுவிட்டு ஊரை எழுத என் தங்கை உடன்படவில்லை. அவளுடைய கணவர் இப்போது உயிரோடு இல்லை.

சென்ற வாரம் பிறப்புச் சான்றிதழின் படம் வந்தது. குடும்பப் பெயராக என் மைத்துனரின் பெயரே இருக்கிறது. கனடாவில் இருக்கும் மூத்தவனின் பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான். தங்கை இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தமிழில் எழுதினால் ஓர் எழுத்தும் வேறுபடாத அந்தப் பெயர், ஆங்கிலத்தில் இளையவன் எழுதியதில் ஒரு ஹகர எழுத்தோடும், மூத்தவன் எழுதியதில் அது இல்லாமலும் இருக்கிறது.