ஃபிரெடெரிக்ஸ்பர்க்கின் ஜெர்மன் வீடுகள்

மார்ச் 14, வெள்ளி

டெக்சாஸின் குன்றுப் பகுதியில் இருக்கும் ஃபிரெடெரிக்ஸ்பர்க்கிற்கு மாலையில் வந்து சேர்ந்தோம். 1846இல் ஜெர்மானியர் குடியேறிய ஊர். பெயர் பிரஷ்ய இளவரசர் ஃபிரெடெரிக்கினுடையது. பிரதான வீதி மிக அகலம். மாட்டு வண்டிகள் திரும்ப இடம் வேண்டுமே! இப்போது வீதி நெடுக ஒயின் கடைகள்.

மார்ச் 15, சனி

முன்னோடிகள் அருங்காட்சியகத்திற்குள் காம்லா குடும்பத்தின் வீடு. 1849இல் எழும்பியது, அதே குடும்பம் தலைமுறைகளாக வாழ்ந்தது, முன்னறையில் கடையும் நடத்தியது. பின்பக்கம் அறை அறையாக நீண்டுகொண்டே போகிறது.

நான் அதிக நேரம் நின்றது மிகப் பழைய சுவர்களின் அருகில். 'ஃபாக்வெர்க்' முறை: கருவாலி மரத்தூண்கள், குறுக்குச் சட்டங்கள், மூலைகளில் சாய்வுத் தாங்கிகள், எல்லாவற்றையும் கழுந்தும் துளையுமாகக் கோத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் சட்டங்களுக்கு இடையே குச்சி பின்னிக் களிமண் அப்புவது வழக்கம். இங்கே தோண்டிய இடமெல்லாம் சுண்ணாம்புக்கல். அதையே அடைத்தார்கள்.

கல் இவ்வளவு கிடைக்கும்போது மரச்சட்டம் எதற்கு? தச்சருக்குப் பழகிய வேலை என்பது ஒன்று. சட்டத்தை நிறுத்திவிட்டால் கூரையை முதலில் போட்டுவிடலாம், சுவரைப் பிறகு நிதானமாக நிரப்பலாம் என்பதும் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. குடிசையில் குளிர்காலம் கழித்தவர்களுக்குக் கூரைதானே முதல் கவலை! ஊர் நிலைபெற்ற பிறகு முழுக்கக் கல்லாலேயே வீடு கட்டினார்கள்.

ஜெர்மனியில் அழகுக்காகத் திறந்து காட்டும் சட்டங்களை இங்கே பலர் சுண்ணாம்புச் சாந்து பூசி மறைத்துவிட்டார்கள். மழைநீர் இடுக்குகளில் இறங்காது. இன்று சிலர் படத்திற்காக அந்தப் பூச்சைச் சுரண்டுவதை என்னால் ரசிக்க முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பொருத்தமான நாளில் 'ஞாயிறு வீடுகள்' பார்த்தோம். தொலைவில் பண்ணை வைத்திருந்தவர்கள் சனிக்கிழமை வண்டி கட்டி வந்து, விளைச்சலை விற்று, சாமான் வாங்கி, மறுநாள் தேவாலயம் முடித்துத் திரும்புவதற்காகக் கட்டியவை. ஓர் அறை, ஒரு திண்ணை, மேலே பிள்ளைகள் படுக்கப் பரண். பரணுக்குப் படி பல வீடுகளில் வெளிப்புறச் சுவரோடு ஏறுகிறது. உள்ளே வைத்தால் கட்டிலுக்கு இடம் போய்விடும். அருங்காட்சியகத்தில் பார்த்த வெபர் குடும்பத்தின் ஞாயிறு வீடு 1904ஆம் ஆண்டினது.

பண்ணையை மகனிடம் ஒப்படைத்த முதியவர்கள் இவற்றிலேயே நிரந்தரமாகத் தங்கியதும் உண்டு. கார் வந்ததும் இரவு தங்கும் தேவை போயிற்று. இப்போது சில வீடுகள் விடுதிகள். வாடகை கேட்டோம், நெடுஞ்சாலை மோட்டலுக்கே திரும்பிவிட்டோம்.